கீழே நின்றவன்

ஐசக் டாய்ச்சரை நம்மில் பலர் டிராட்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவராகவே அறிவோம். 1967 ஜூன் போர் முடிந்த சில நாட்களில் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழுக்கு அவர் அளித்த நேர்காணலில் ஓர் உவமை வருகிறது. தீப்பற்றிய வீட்டின் மேல்தளத்திலிருந்து ஒருவன் குதிக்கிறான். உயிர் பிழைக்கிறான்; ஆனால் கீழே நின்றிருந்தவன்மீது விழுந்து அவனுடைய கைகால்களை முறித்துவிடுகிறான். குதித்தவன் ஐரோப்பிய யூதன். நின்றவன் பாலஸ்தீன அராபியன். இருவரும் அறிவோடு நடந்திருந்தால் பகை மூண்டிராது என்கிறார் டாய்ச்சர்.

உவமைக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. போலந்து யூதரான அவர் இளமையில் சியோனிசத்தை எதிர்த்தவர்; ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கத்தை நம்பியவர். பாலஸ்தீனத்துக்குப் போகும்படி சொல்லியிருந்தால் சில உயிர்களாவது தப்பியிருக்குமே என்று 1954இல் எழுதினார். அந்தக் குற்றவுணர்வை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், உவமையணியைப் பல்லாண்டுகள் பாடம் நடத்திய எனக்குப் பொருந்தாத இடத்தில்தான் கண் நிலைக்கிறது. குதிப்பவன் விழும் இடத்தைத் தேர்வதில்லை. சியோனிசமோ 1897 பாசல் மாநாட்டிலேயே இடத்தைத் தேர்ந்துவிட்டது; பிரிட்டனின் வாக்குறுதி 1917இல் வந்தது, நாஜிகள் ஆட்சியேறப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு. இன்னொன்று: கீழே நின்றவனுக்கு இந்த உவமையில் முறிந்த எலும்பும் சினமும் மட்டுமே உண்டு, அரசியல் இல்லை. 1936இல் ஆறு மாதம் பொது வேலைநிறுத்தம் நடத்திய மக்கள் அவர்கள்!

இரு இனத்தாருக்கும் பொதுவான அரசை வேண்டிய பிரித் ஷாலோம் (1925), பின்னர் மாக்னஸும் மார்ட்டின் பூபரும் நடத்திய இஹூத் (1942) ஆகியவை நல்லெண்ணத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் யூதக் குடியேற்றத்தைக் கைவிட அவர்களாலும் இயலவில்லை.

1962இல், இஸ்ரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மாட்ஸ்பென் என்ற சிறு குழுவைத் தொடங்கினார்கள். ஹைஃபாவில் பிறந்த பாலஸ்தீனரான ஜப்ரா நிக்கோலா அதில் சேர்ந்தார். அவரோடு நிகழ்ந்த விவாதங்களில் குழுவின் பார்வை கூர்மை பெற்றது. கீழே நின்றவன் உவமைக்குள்ளிருந்து எழுந்துவந்து மேசையில் அமர்ந்ததுபோல என்று சொல்லத் தோன்றுகிறது.

1968 மார்ச்சில் மாட்ஸ்பென் வெளியிட்ட அறிக்கை, ஆக்கிரமிக்கப்பட்டவர்களின் எதிர்ப்புரிமையை நிபந்தனையின்றி ஏற்றது. அடக்கும் இனத்தைச் சேர்ந்தவர்கள் அவர்களுக்குப் போராட்ட வழிகளைப் போதிப்பது பாசாங்கு என்றது. கூடவே, இஸ்ரேலிய மக்களின் தன்னுரிமையையும் ஏற்கும் அமைப்புகளையே தாங்கள் ஆதரிக்க முடியும் என்றது. உரிமை வேறு, ஆதரவு வேறு. இந்தப் பிரிவினையை இத்தனை தெளிவாக அதற்கு முன் நான் எங்கும் கண்டதில்லை.

டாய்ச்சர் அதை வாசித்திருந்தால் தம் உவமையைத் திருத்தியிருப்பாரோ என்னவோ. அவர் 1967 ஆகஸ்டிலேயே ரோமில் காலமாகிவிட்டார்.