பஞ்சாரத்துள் புகுந்த நோய்

நம் இல்லத்துப் பெண்மணிகள் கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்பதை வெறும் பொழுதுபோக்கென்று ஆண்களாகிய நாம் எண்ணிக்கொள்கிறோம். முட்டை விற்றும் சேவல் விற்றும் முந்தானையில் முடிந்துவைக்கும் கோழிக்காசுதான், கணவனிடமும் மகனிடமும் கேட்கக் கூசும் செலவுகளுக்கு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. பேத்தியின் காதுக்கு ஒரு சிறு தோடு, ஏழை வீட்டு மையத்துக்குக் கஃபன் துணி என்று எங்கள் உம்மாவின் கோழிக்காசு போன வழிகளை நாங்கள் அறிவோம். ஆகவே 2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன் எங்கள் கொல்லையில் நேர்ந்ததை, 'கோழிதானே' என்று தள்ளிவிட எங்களால் இயலவில்லை.

பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், சந்தையில் நல்ல உயரமான சேவல் ஒன்றை வாங்கி வந்தோம். வாங்கி வந்த அன்றே அதனை மற்றப் பதினேழு கோழிகளோடு விட்டோம். புதிதாக வரும் பறவையை இரண்டு மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்று நாங்கள் அறிந்திலோம். மூன்றாம் நாள் எதிர்வீட்டு லாத்தா கேட்டாரென்று, முட்டையிடும் பெட்டைகள் இரண்டை உம்மா அவருக்குக் கொடுத்தார்கள். கைம்பெண்ணான அந்த லாத்தாவுக்குக் கோழிகளே பாதிச் சீவனம்.

ஆறாம் நாள் சேவல் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றது. வெயிலின் கொடுமை என்றோம். சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து ஊட்டினோம். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. அதற்கடுத்த நாள் பெட்டை ஒன்று கழுத்து முறுக்கிக்கொண்டு தன்னைத்தானே சுற்றிவந்தது. அந்தக் காட்சியைக் கண்ட பின்னும் வெயில் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் நாவெழவில்லை.

நாட்டுப்புறத்தார் வெள்ளைக்கழிச்சல் என்பர். மருத்துவர் இராணிக்கெட் நோய் என்பர். இதில் ராணி எவருமில்லை. குமாவுன் மலைநாட்டு ஊர் ஒன்றின் பெயர் அது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்நோய், சிறிது காலத்திலேயே இந்தியாவில் அவ்வூரில் அடையாளம் காணப்பட்டு அப்பெயரைப் பெற்றது. வைரசால் வருவதாகையால் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. எச்சத்திலும் சளியிலும் வெளிப்பட்டு, கூண்டிலும் தீவனச் சாக்கிலும் நம் காற்செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அன்று மாலை, முன்பே சொல்லிவைத்திருந்த கோழி வியாபாரி வந்தார். நலமாகத் தோன்றிய கோழிகள் இன்னும் பதின்மூன்று இருந்தன. பெருநாள் விலையோ உச்சத்தில் இருந்தது. "உயிரோடு இருக்கிறது, அறுத்தால் ஹலால்தானே, கொடுத்துவிடுவோம்" என்றான் தம்பி. உம்மா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு வணிகரைக் கடிந்துகொண்ட வரலாற்றை அவனுக்கு நினைவூட்டினார்கள். வியாபாரியிடம் உள்ளதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பாதி விலைக்குக் கொடுங்கம்மா, சாயங்காலத்துக்குள்ள எல்லாம் கறியாயிடும்" என்றார். கறியாவது உண்மைதான், அறுத்த இரத்தமும் இறகும் குடலும் எந்தத் தெருவின் குப்பைக்குப் போகும்? உம்மா கொடுக்கவில்லை.

வியாபாரிக்கு உண்மை சொன்ன நாங்கள் லாத்தாவுக்குச் சொல்லவில்லை. 'நம் வீட்டுக் கோழிக்கு நோய்' என்று வாய்விட்டுச் சொல்லவும், கொடுத்த பொருளால் கெடுதி வந்ததென்று ஒப்புக்கொள்ளவும் வெட்கம். இரண்டு நாள் இப்படியே போயின. மூன்றாம் நாள் நோன்பு திறந்த பின் உம்மா அவர் வாசலுக்குப் போனார்கள். லாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. "இதை முந்தாநாளே சொல்லியிருந்தா, மக வீட்டுக்குப் பெருநாளைக்குன்னு நாலு கோழியைக் கொடுத்தனுப்பியிருக்க மாட்டேனே மச்சி" என்றார்.

பெருநாளன்று காலை எங்களிடம் எஞ்சியவை மூன்று. அவற்றுள் ஒன்றின் கழுத்து கடைசிவரை நேராகவேயில்லை. லாத்தா வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

செத்தவற்றைக் கையுறை அணிந்து ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். கால்நடை மருந்தகத்து மருத்துவர் சொல்லித்தான் கையுறை. பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படியே தோன்றக்கூடும்; 2006இல் மகாராட்டிரத்து நவாபூரில் அது கண்டறியப்பட்ட பிறகு, கோழிகள் திடீரென மடிந்தால் வெறுங்கையால் தொடாமல் தங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். "பிப்ரவரி முகாமுக்கு ஏன் வரவில்லை?" என்றும் அவர் கேட்டார். ஒலிபெருக்கியில் அறிவித்ததைக் கேட்டோம்; எங்கள் கோழிகள் வெளியே போவதில்லையே என்றிருந்துவிட்டோம். கோழி வெளியே போகாவிட்டாலும் நாம் போய்வருகிறோம் அன்றோ!

கூட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்து, இரண்டு மாதம் வெயிலில் வெறுமனே போட்டுவைத்த பின்னரே புதுக் குஞ்சுகள் வந்தன. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரும் மருந்தைக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அடுத்த வீட்டார் நாளைக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் மீதி மருந்து வீணாகும். ஆதலால் தெருவே சேர்ந்து போவதென்று வழக்கமாயிற்று.

இப்போது முகாம் நாளில் விடியுமுன்பே உம்மா முதலில் எதிர்வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். இருவரும் ஆளுக்கொரு கூடையைச் சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு, பேசியபடியே மருந்தகத்துக்கு நடக்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போன நான்கு கோழிகள் என்னவாயின என்று உம்மா இதுவரை கேட்டதில்லை. லாத்தாவும் சொன்னதில்லை.