பளபளத்தால் பழுது

ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கினால் கோலார் தங்கவயலில் வெளியே நிறுத்திய வண்டி அரை நாளில் தூசி படிந்து வெளுத்துவிடும். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் அது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு எஞ்சியதைத் தலைமுறை தலைமுறையாகக் குவித்ததில் ஊரைச் சுற்றி எழுந்தவைதான் சயனைடு மேடுகள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மேடுகள் அப்படியே கிடக்கின்றன.

இங்கே தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் பாறையில். மோஸ் அளவில் அதன் கடினம் 7. சாதாரணக் கத்தியின் இரும்பு சுமார் ஐந்தரைதான். அந்தப் பாறைத் தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் வந்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்களை இந்த ஊர் நன்றாகவே அறியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன்பே மாரிக்குப்பத்திலும் கோரமண்டலிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய பைக்குகள் சாயங்காலம்வரை ஸ்டேஷன் பக்கம் காற்றில் நிற்கின்றன. அவற்றில் இப்போது மினுக்கமில்லாத மேட் கறுப்பும் மேட் சாம்பலும் நிறைய.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய ஒரு பையன் அவசரமாக வந்து நின்றான். டேங்கில் தூசி ஒரு படலமாகப் படிந்திருந்தது.

“அண்ணே, சும்மா ஒரு துணி போட்டுத் துடைச்சுக் குடுங்கண்ணே. ட்ரெயினுக்கு நேரமாச்சு.”

“காஞ்ச துணி வெச்சா டேங்க் போயிடும் தம்பி. தூசியோடயே போ, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு விடு, கழுவித் தரேன்.”

பையன் முகம் சுளித்துக்கொண்டே போனான். வந்த காசைத் திருப்பி அனுப்பிய அந்த மறுப்பில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பளபளக்கும் பெயிண்டில் மேல்பூச்சு கண்ணாடிபோல் சமமாக இருக்கும். கீறல் விழுந்தால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, சுற்றியுள்ள பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துச் சமன் செய்துவிடலாம். மேட் பூச்சில் வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் வைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் கலப்பது நுண்ணிய சிலிக்கா. வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பாமல் சிதறுவதால் மினுக்கம் அடங்கி நிற்கிறது. தேய்த்தால் அந்த மேடுகள் மழுங்கும், மழுங்கிய இடம் பளபளக்கும், பளபளத்தது பழையபடி ஆகாது. முழங்கால் உரசும் டேங்க் ஓரங்களைப் பார்த்தாலே தெரியும். மெழுகும் சிலிகோன் பாலிஷும் பள்ளங்களில் போய் அடைந்து திட்டுத் திட்டாக மினுக்கும்.

கடைக்கார அண்ணன் கழுவும் முறையில் முதல் வேலை காத்திருப்பதுதான். வண்டி நிழலில் நின்று இன்ஜின் ஆற வேண்டும். சூட்டில் ஷாம்பு காய்ந்தால் கறை விழும். பிறகு பிரஷர் கன்னை எட்ட நின்று பிடித்து, மேலிருந்து கீழாகத் தூசி முழுக்க ஓடும்வரை தண்ணீர் விடுகிறார். மற்ற வண்டிகளுக்குப் போடும் சோப்புத்தூளும் மண்ணெண்ணெயும் இந்தப் பக்கமே வருவதில்லை. காரமோ அமிலமோ இல்லாத ஷாம்பு ஒரு வாளி, துணியை அலச வெறும் தண்ணீர் இன்னொரு வாளி. மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுக்கிறார், உடனே அலசுகிறார். காக்கை எச்சத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு வேறு இடம் பார்க்கிறார். அது ஊறித் தானாகக் கழன்று வரும்வரை விரல் நகம்கூடப் படக்கூடாது.

தண்ணீரும் இங்கே ஒரு தொல்லைதான். கோலார் மாவட்டத்தில் போர்வெல் ஆயிரம் அடி தாண்டியும் இறங்குகிறது. வருவது உப்புத் தண்ணீர். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. மற்ற வண்டியில் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம், இதில் முடியாது. அதனால் கடைசியாக ஊற்றுவதற்கு மட்டும் கேனில் ஃபில்டர் தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறார். பிறகு கைக்குழந்தைக்கு ஈரம் ஒற்றுவதுபோல் துணியை வைத்து வைத்து எடுக்கிறார். மேட் பூச்சுக்கென்றே விற்கும் கோட்டிங் போட்டால் அழுக்கு எளிதில் ஒட்டாது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறார். முழங்கால் படும் இடத்துக்கு டேங்க் பேட் ஒட்டச் சொல்கிறார்.

கெட்டுப்போனவை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பெயிண்டரிடம் போகின்றன. கீறல் விரல் நீளம்தான் இருக்கும்; அவர் டேங்க் முழுவதையும் அடித்தாக வேண்டும். நிறத்தைச் சேர்த்துவிடலாம், மினுக்கத்தைச் சேர்ப்பதுதான் கடினம் என்கிறார். கை வேகம், காற்றழுத்தம், பூச்சின் கனம், இவற்றில் ஒன்று மாறினாலும் பக்கத்து பேனலோடு ஒட்டாது. காற்று எழும்புமுன் அதிகாலையில், தரையை நனைத்துவிட்டு அடிக்கிறார். பளபளக்கும் பூச்சில் ஒரு துகள் விழுந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். மேட் பூச்சில் விழுந்தால் முதலிலிருந்து. அந்த இரண்டாம் முறைக்கு யாரும் காசு தருவதில்லை.

மேட் வண்டி கழுவச் சாதாரண வண்டியைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. பளபளப்பு ஏற்றாத வேலைக்கு எதற்கு அதிகம் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். வண்டியை விற்கும்போதே இதன் பராமரிப்பை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது என்பது என் எண்ணம். ஒரு பிசகு நடந்தால் டேங்க் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய கைக்கு அந்தக் கூடுதல் கூலி நியாயமானது. அண்ணன் இப்போது மேட் வண்டிக்குத் தனி ரேட் என்று பலகையில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி மாட்டியிருக்கிறார். பேரம் பேசுகிறார்கள். அவர் குறைப்பதில்லை.