கோழி இறகும் ஜே இறகும்

டெக்சாஸில் சான் அன்டோனியோவில் நான் வக்கீலாக இருந்தபோது வந்த வழக்கு. கட்சிக்காரர் மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்த மூதாட்டி. தாயார் விட்டுப்போன மூன்று இறகுப் படங்களைப் பழம்பொருள் சந்தையில் விலைக்கு வைத்திருந்தார். வனவிலங்குத் துறை அதிகாரி படங்களைக் கைப்பற்றி நோட்டீஸும் கொடுத்துவிட்டார்.

செதுக்கிய மரச்சட்டம். அலகும் காலும் கிளையும் தூரிகை வேலை. உடம்பு மட்டும் நிஜ இறகு, ஒவ்வொன்றாக ஒட்டியது. 1940களில் மெக்சிகோவில் சுற்றுலாப் பயணிகளுக்காக இப்படிப் படங்கள் செய்து விற்றார்கள். மலிவுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மண்ணில் இறகு வேலை அஸ்டெக் காலத்து அமந்தேக்கா கலைஞர்களுடையது. 1539-இல் அங்கே இறகாலேயே செய்த புனித கிரெகோரியின் திருப்பலிப் படம் பிரான்சின் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் ஒற்றை இறகை விற்பதும் குற்றம். தெரியாமல் செய்தேன் என்று தப்ப முடியாது. ஆறு மாதம் வரை சிறை. அப்படியானால் இது எந்தப் பறவையின் இறகு? படங்கள் ஓரிகன் மாநிலத்து ஆஷ்லண்டில் இருக்கும் வனவிலங்குத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போயின. இறகின் அடியிலுள்ள பஞ்சு இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தே பறவைக் குடும்பத்தைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. சிவப்பும் மஞ்சளுமாக மின்னிய இரண்டு படங்களும் சாயம் ஏற்றிய கோழி இறகு! மூன்றாவதில் இருந்த நீலச் சிறகு மட்டும் அசல் ஜே பறவை, காக்கைக் குடும்பம்.

காக்கைக் குடும்பம் பாதுகாப்புக்குள் வந்தது 1972-இல், மெக்சிகோவுடனான ஒப்பந்தத்தைத் திருத்தியபோதுதான். படத்தின் முதுகில் தாயார் பென்சிலால் 1948 என்று எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் போதாது என்று வீட்டுப் பழைய புகைப்படங்களைத் துழாவினோம். அந்தக் காலத்துக் கல்யாணப் படம் ஒன்றில், மணமக்களுக்குப் பின்னால் சுவரில் அதே நீலப் பறவை. வைத்திருப்பது குற்றமில்லை என்பது நிலைநின்றது.

விற்பது வேறு கதை. ஆண்ட்ரஸ் எதிர் ஆலர்ட் வழக்கில், தடைக்கு முந்திய இறகுப் பொருளையும் விற்கக்கூடாது என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் கட்சிக்காரருக்கு அது பாதகம்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை மனதார ஏற்கிறேன். தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்குகளை ஏறக்குறைய அழித்த வியாபாரம் இருந்த நாடு அது. பழசுக்கு விலை உண்டென்றால், பழசு என்று சொல்லிப் புதுசைக் கொன்று விற்பார்கள்.

அரசு வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்து வழக்கைக் கைவிட்டார். கோழி இறகுப் படங்கள் இரண்டும் நல்ல விலைக்குப் போயின. மூன்றாவதைப் பேத்திக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார் மூதாட்டி. விற்பனையைத் தடுத்த அதே தீர்ப்பு, தானமாகத் தரவும் உயிலில் எழுதிவைக்கவும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. எடுத்துச் சொன்னேன். அன்றே உயில் எழுதச் சொன்னார். பேத்தியின் பெயருக்கு நேரே முதலில் வந்தது அந்தப் படம்தான், வீடு அடுத்த வரியில்.