ஒலுவிற் கரையிலே

கல்முனையினின்று தெற்கே புறப்பட்டு, காரைதீவும் நிந்தவூரும் கடந்தால் ஒலுவில். 2013 செப்டம்பரில் இங்கே துறைமுகம் திறக்கப்பெற்றது. அலைதடுப்புக் கற்சுவர்கள் காணக் கம்பீரமானவை. வணிகக் கப்பல்களைத்தான் காணோம்!

இக்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்வது இயற்கை. கற்சுவர் குறுக்கே நின்றதும் மணல் தென்புறத்திலும் துறைவாயிலிலும் தங்கிற்று. வரவேண்டிய மணல் வாராமையால் வடகரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுப்போருக்கு இடம் குறுகிற்று. வாயில் தூர்ந்தமையால் மீன்பிடிப் படகுகளுக்கும் வழியில்லாமற் போயிற்று. ஒரே மணல், ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருபாலாரையும் வாட்டுகிறது.

வாயிலில் அள்ளும் மணலை வடகரையிலே கொண்டு சேர்த்தால் என்ன? ஒருமுறை அன்று, ஆண்டுதோறும். அரசு எழுப்பிய சுவர் தடுத்த மணலுக்கு அரசே பொறுப்பன்றோ?