நானும் ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன்!

வீடு கட்டியவர்கள் கடனைப் பற்றிப் பேசுவார்கள். கம்ப்யூட்டர் கட்டியவன், பாவம், யாரிடம் போய்ப் பேசுவது? உங்களிடம்தான்.

2023 ஆகஸ்ட் 12-ம் தேதி என் பழைய கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று நாலு விக்கல் விக்கிவிட்டுக் கண்ணை மூடியது. விசுவாசி. 11-ம் தேதி அனுப்ப வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர்.1 எல்லாவற்றையும் அனுப்பி முடித்த பிறகுதான் போனது.

எனக்கு ஊர் பெண்ணாடம். படித்தது பி.காம். பத்திரிகைக்கு எழுதி வருகிற சன்மானம் டீக்கும் மெதுவடைக்கும் சரியாகப் போய்விடுவதால், ஊரில் பதினாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து அரிசி வாங்குகிறேன். 20-ம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போகாவிட்டால் கடைக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ். பதினாலு கடைக்கு 700. மளிகைக்கடை அண்ணாச்சி கட்டுவாரா? என் தலையில்தான் கட்டுவார்.

கையில் பணம் இல்லை. வீட்டில் இருந்தது. அதாவது, என் மனைவி பிளவுஸ் தைத்துச் சேர்த்துக் கட்டிய ஏலச்சீட்டு, தள்ளு போக 38,000 அந்த வாரம்தான் வந்திருந்தது. ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்காக எடுத்த சீட்டு. நான் எதுவும் கேட்கவில்லை. செத்துப்போன கம்ப்யூட்டரின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

"மொதல்ல உங்க மெஷினை வாங்குங்க. என்னோடத தீபாவளிக்குப் பாத்துக்கலாம்" என்று கவரைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"லேப்டாப் வாங்கிடேன்டா" என்றார்கள் நண்பர்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு வலது பக்கம் நம்பர் கட்டைகள் உள்ள முழு கீபோர்டு வேண்டும், பெரிய திரை வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடிய வேண்டும். இந்த வசதிக்கு நாம் ஐ.பி.எம். கம்பெனிக்கு நன்றி சொல்ல வேண்டும். 1981-ல் அவசர அவசரமாகத் தங்கள் பி.சி.யைக் கொண்டுவந்தபோது, எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லாமல், பிராசசரை இன்டெலிடமும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட்டிடமும் வாங்கிப் போட்டார்கள். 'பயாஸ்' என்கிற ஒரு சங்கதி மட்டும் அவர்களுடையது. அதையும் காம்பாக் கம்பெனி சட்டத்துக்கு உட்பட்டே பார்த்து எழுதிவிட்டது. அப்புறம் என்ன, யார் வேண்டுமானாலும் பாகங்களை வாங்கி மாட்டலாம் என்றாகிவிட்டது. டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, நமக்கு ரிச்சி ஸ்ட்ரீட்!

கிளம்புவதற்கு முன் மூன்று ராத்திரி போனில் ஆராய்ச்சி. பெண் பார்ப்பதைவிட இதில் பொருத்தம் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சாக்கெட் பொருத்தம். இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறை என்றால் 1700 பின் உள்ள சாக்கெட். பத்தாம் தலைமுறைக்கு 1200. ஒன்றை இன்னொன்றில் வைக்க முடியாது. மதர்போர்டுக்கும் ரேமுக்கும் இன்னொரு பொருத்தம். டி.டி.ஆர்.4 ரேமில் இருக்கிற வெட்டு ஓரிடம், டி.டி.ஆர்.5-ல் வேறிடம். அமுக்கினால் உடையுமே தவிர உள்ளே போகாது. ஒரே மாடல் போர்டு இரண்டு ஜாதியிலும் வருவதால் பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்மானம் போட்டேன். பழைய மெஷின் காலையில் கண் விழிப்பதற்குள் நான் பல் தேய்த்துக் காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

16-ம் தேதி ராத்திரி விருத்தாசலத்தில் ரயில் ஏறி, விடிகாலை எழும்பூர். மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், ஒரு காலத்தில் ரேடியோ பார்ட்ஸ் விற்ற அந்தத் தெரு. நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துத்தான் ஜனங்கள் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறார்கள். பத்தரை மணிக்கு ஷட்டர் தூக்குகிற வரை டீக்கடையில் தவம். அப்புறம் நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு கடையில் உட்கார்ந்தேன். இருபது வயசுப் பையன். வாய் பேசப் பேச விரல் கால்குலேட்டரில் ஓடுகிறது.

ஐ3-12100 பிராசசர், போர்டு, எட்டு எட்டாக 16 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., மானிட்டர், யு.பி.எஸ். உள்பட மொத்தம் 40,200 வந்தது. என் சட்டைப்பையில் 38,000.

"பில் வேணாம்னா ரெண்டாயிரத்தைநூறு கம்மி பண்ணிக்கலாம்ணா" என்றான் பையன் சாதாரணமாக.

எனக்கு வியர்த்துவிட்டது. ஊரில் பதினாலு கடைக்காரர்களுக்கு 'பில் போடாம வியாபாரம் பண்ணாதீங்க' என்று மாதாமாதம் பிரசங்கம் செய்கிறவன் நான். யாருக்குத் தெரியப்போகிறது? பெண்ணாடம் எங்கே, ரிச்சி ஸ்ட்ரீட் எங்கே? ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு முழு நிமிஷம், 'சரி' என்று சொல்ல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். மனச்சாட்சி ஜெயித்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஜெயித்தது வாரன்டி. பிராசசருக்கு மூன்று வருஷ வாரன்டி. பில் இல்லாமல் யாரிடம் போய் நிற்பது?

"வேற எதுல குறைக்கலாம்?"

"கேபினட்டோட வர்ற எஸ்.எம்.பி.எஸ்.ஸையே போட்டுக்கங்கணா. தனியா எதுக்கு 2,700?"

நல்ல யோசனையாகப் பட்டது. இலவசம் என்றால் பி.காம்.காரனுக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து போன். அப்பா முப்பது வருஷம் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். ஊருக்கெல்லாம் விருத்தாசலம் பீங்கான் என்றால் பொம்மைதான் ஞாபகம் வரும். அப்பாவுக்கு ஃப்யூஸ் கேரியர். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, எதுல வேணா மிச்சம் புடி. கரன்ட் குடுக்கற சாமான்ல மட்டும் புடிக்காத. அது போனா தான் மட்டும் போவாது, பக்கத்துல இருக்கறத எல்லாம் கூட்டிக்கிட்டுப் போவும்."

எஸ்.எம்.பி.எஸ். தப்பித்தது. பையன் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப எஃப் போட்டுக்கங்கணா. அதே பிராசசர், அதே ஸ்பீடு. ரெண்டாயிரத்தைநூறு கம்மி" என்றான். 12100-க்குப் பின்னால் ஒரு 'எஃப்'. மொத்தம் 37,700, பில்லோடு! "கார்டு வச்சிருக்கீங்கள்லணா?" என்று கேட்டான்.

"இருக்கு, இருக்கு" என்று ஏ.டி.எம். கார்டு இருந்த பையைத் தட்டிக் காட்டினேன்.

18-ம் தேதி ராத்திரி, கூடத்தில் பாய் விரித்துக் கட்டுமானம். பிராசசரை வைத்துக் கொக்கியை அழுத்தும்போது 'நறுக்' என்றது, உயிரே போய்விட்டது. (அது அப்படித்தான் நறுக்கும் என்று பின்னால் தெரிந்தது.) பதினொன்றரைக்கு ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேல்!

ரேமைக் கழற்றி, பாப்பாவின் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கருப்பு. ஒரு ரேமை மட்டும் போட்டுப் பார்த்தேன். கருப்பு. கேபிளை மாற்றினேன். அதே கருப்பு. ராத்திரி ஒரு மணிக்கு, என் மனைவி தூக்கக் கலக்கத்தில் வந்து காலிப் பெட்டிகளை ஓரமாக அடுக்கினவள், பிராசசர் பெட்டியை விளக்கில் பிடித்து, "ஏங்க, இதுல ஏதோ கிராபிக்ஸ் தனியா வேணும்னு போட்டிருக்கே, அத வாங்கிட்டீங்கள்ல?" என்றாள்.

எஃப் என்றால், படம் காட்டுகிற பகுதி உள்ளே வேலை செய்யாது என்று அர்த்தமாம். மதர்போர்டில் மானிட்டர் செருகும் ஓட்டை இருக்கும். செருகலாம். ஒன்றும் வராது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். பையன் கேட்ட கார்டு அது! கேம் விளையாடுகிறவர்கள் எப்படியும் பெரிய கார்டு வாங்குவார்கள் என்பதால் அவர்களுக்காக விலை குறைத்து விற்கிற சரக்கு. டேலிக்காரன் அதை வாங்கலாமா?

சீட்டுப் பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை மடக்காமல் பத்திரமாக அலமாரியின் மேல் வைத்தாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

காலை முதல் பஸ்ஸில் விருத்தாசலம். அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கிற நண்பன் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறவன். பழைய ஜி.டி. 710 கார்டு ஒன்று அவன் மேஜை இழுப்பறையில் பேட்டரிகளோடு கிடந்தது. "சும்மா எடுத்துட்டுப் போடா" என்றான். நான் பிடிவாதமாக 1,500 கொடுத்தேன். மத்தியானம் திரையில் வெளிச்சம். பழைய டிஸ்க்கை நம்பாமல் பென் டிரைவில் தினமும் பேக்கப் எடுத்து வைத்த புண்ணியம், 20-ம் தேதி ராத்திரி ஒன்பதே காலுக்குப் பதினாலாவது ரிட்டர்ன் போனது.

கணக்குப் பார்த்தேன். எஃப் மூலம் வரவு 2,500. கார்டு செலவு 1,500. பஸ் சார்ஜ் 60. நிகர லாபம் 940. இரண்டு ராத்திரித் தூக்கத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மறுநாள் பாப்பா கேபினட்டைத் தொட்டுவிட்டு, "அப்பா, கடிக்குது" என்றாள். நான் தொட்டேன். சுருக்! அப்பா டெஸ்டர் கொண்டுவந்து கேபினட் திருகில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

"மூணு ஓட்டை பிளக் பாயிண்டுதானேப்பா இருக்கு?"

"ஓட்டை மூணு. ஒயர் எத்தன?" என்று பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். இரண்டே ஒயர். பழைய வீடு; எர்த் போடவே இல்லை. அப்பா சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்சார இரைச்சலை வடிகட்டுகிற கெபாசிட்டர்கள், துளியூண்டு கரன்ட்டைத் தகரப் பெட்டிக்கு அனுப்பும். எர்த் ஒயர் வழியாக அது பூமிக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லையென்றால் பெட்டியிலேயே நிற்கும். சாதாரண நாளில் சுருக்கோடு போய்விடும். உள்ளே ஒரு ஒயர் நசுங்கி கேபினட்டில் பட்டுவிட்ட நாளில் அப்படிப் போகாது. நான் சாக்கெட் பொருத்தம், ரேம் பொருத்தம் எல்லாம் பார்த்தேன். சுவரில் இருந்த பாயிண்டைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அப்பா கிணற்றடிக்குப் பக்கத்தில் கடப்பாரையைப் போட்டார். "நீ ஒக்காந்து எழுதற ஆளு, தள்ளு" என்று என்னைக் கிட்டே விடவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, வீடு முழுக்கப் பச்சை ஒயர் இழுத்தாயிற்று. செலவு 4,200. அதையும் அப்பாவே கொடுத்தார். 940 ரூபாய் லாபத்தைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை.

அந்த கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஓடுகிறது. அன்றைக்கு 3,900 கொடுத்த ரேமின் விலையை 2025 கடைசியில் கேட்டபோது தலை சுற்றியது. ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போய்விடுகிறதாம். மைக்ரான் கம்பெனி 'க்ரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்கிற வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புதிதாகக் கட்டப்போகிறவர்கள் பழைய மெஷினின் ரேம் பொருந்துமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஓவர்லாக் மெஷின் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்துப் பாயிண்டில்தான் ஓடுகிறது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் சரியாக எடுக்காது என்று, அப்பா தினமும் காலையில் துளசிக்கு ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, எர்த் குழிக்கு ஒரு குடம் ஊற்றுகிறார்.