சாரைக்கும் நல்ல பாம்புக்கும் கல்யாணம்

காணும் பொங்கலன்று கிண்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பார் பெரியப்பா. சொல்லிவிட்டு, வருஷா வருஷம் அன்றைக்கே எங்களையெல்லாம் மயிலாப்பூரில் பஸ் ஏற்றிவிடுவார். அடையாறு தாண்டி சர்தார் பட்டேல் சாலையில் திரும்பினால் மரங்கள் தொடங்கிவிடும். காந்தி மண்டபம் வருவதற்குள் பஸ்ஸுக்குள் இருப்பவர்களைவிடப் படியில் தொங்குகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். குழந்தைகள் பூங்கா வாசலில் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பங்கள். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, கையில் ஒடித்த கரும்பு.

அந்தக் கூட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு பேராசிரியர் நிச்சயம் உண்டு. மாமாவோ சித்தப்பாவோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் பாடம் எடுப்பார். முள்ளம்பன்றி கோபம் வந்தால் முள்ளை எய்யும். ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. கீரியைப் பாம்பு கடித்துவிட்டால் புதருக்குள் ஓடி ஒரு பச்சிலையைத் தின்றுவிட்டு வந்து மறுபடியும் மல்லுக்கு நிற்கும். பக்கத்துக் குடும்பத்துப் பேராசிரியர் காதில் இது விழுந்தால் சும்மா இருக்கமாட்டார். "பச்சிலை இல்லீங்க, அது வேரு" என்று திருத்துவார். முன்பின் தெரியாத இரண்டு பேர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் வாதாடுவார்கள். கீரி இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்த வாதங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் பக்கத்திலேயே இருந்தது: பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1969இல் தாம்பரம் பக்கம் செலையூரில் தொடங்கி, 1972இல் கிண்டிக்குக் கொண்டுவந்தது. விட்டேகர் பெயர் பேப்பரில் வரும். ஆனால் எங்களுக்குப் பாம்புப் பண்ணை என்றால் அந்தக் குட்டைச் சுவருக்கு நடுவே, கையில் வளைந்த கம்பியோடு நிற்கும் மனிதர்தான். காக்கிச் சட்டை, வெறுங்கால். இருளர் என்று பெரியப்பா சொன்னார். செங்கல்பட்டுப் பக்கத்து வரப்புகளில் எலி வளையையும் பாம்புத் தடத்தையும் பார்த்தே வளர்ந்தவர்கள். தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வயிறு வளர்த்தார்கள். 1970களில் சட்டம் வந்து அந்தப் பிழைப்பு போனது. பிறகு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வடநெம்மேலியில் நஞ்செடுக்கத் தொடங்கினார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசி மருந்துக்கு மூலச்சரக்கு அந்த நஞ்சுதான்.

அவர் பானையைக் கவிழ்ப்பார். நல்ல பாம்பு வழிந்து இறங்கிப் படமெடுக்கும். கூட்டம் இரண்டடி பின்வாங்கும். "மகுடி எங்கேப்பா?" என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். அவர் பதில் சொல்லமாட்டார். முஷ்டியை மடக்கி அதன் முன்னால் இடதும் வலதுமாக அசைப்பார். பாம்பு கூடவே ஆடும். நிறுத்தினால் நிற்கும். பிறகு அதன் தலைக்குப் பின்னால் கைதட்டுவார், பாம்பு கண்டுகொள்ளாது. தரையில் ஒரு மிதி மிதிப்பார், உடனே திரும்பும். "காது வெளிய இல்லீங்க. தரை அதிர்ந்தாத் தெரியும், எதிர்ல அசைஞ்சாத் தெரியும். மகுடி நமக்குத்தான், அதுக்கு இல்ல." மாடவீதியில் கூடையோடு வரும் பாம்பாட்டிக்கு நாங்கள் அதுவரை கொடுத்த காசெல்லாம் அந்த ஒரு மிதியில் போனது.

அடுத்து கண்ணாடிக் குவளை. வாயில் மெல்லிய தோல் இழுத்துக் கட்டியிருக்கும். பாம்பின் கழுத்தை இரண்டு விரலில் பிடித்து விளிம்பில் வைத்ததும் பல் தோலைத் துளைத்து இறங்கும். உள்ளே கண்ணாடியில் நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு மெல்ல வழியும். அவ்வளவுதான். இதற்கா ஊரே நடுங்குகிறது என்று தோன்றும் அளவுக்குக் கொஞ்சம்.

நஞ்சு எடுப்பதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்த சபைதான். சுவரைச் சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கேஸை எடுத்து வைப்பார்கள். மண்ணுளிக்கு இரண்டு தலை, ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது. "வாலுங்க. மழுங்கலா இருக்கறதால தலைன்னு நினைக்கிறீங்க." பச்சைப் பாம்பு கண்ணைக் குத்தும். "பேரு அப்படி. முகத்துக்கு நேரா மரத்துல தொங்குது, வேற எங்க வரும்?" சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண், ரெண்டும் பின்னிக்கொண்டு நிற்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார் ஒரு பெரியவர். "ரெண்டும் சாரைதான் அய்யா. ரெண்டும் ஆம்பளை. அது கல்யாணம் இல்ல, பங்காளிச் சண்டை." கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவர் மட்டும் ஒப்பவில்லை.

ஒரு ஆயா கொம்பேறி மூக்கனைக் கேட்டாள். கடித்துவிட்டு மரத்து உச்சியில் ஏறிக்கொள்ளும், கடிபட்டவன் சுடுகாட்டில் எரியும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும். தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் யாரும் வளர்ந்ததில்லை. "அதுக்கு விஷமே இல்ல ஆயா" என்றார் அவர். ஆயா அசரவில்லை. "அதாம்பா. விஷம் இல்லாததால, செத்தானா இல்லியான்னு அதுக்கே சந்தேகம். ஏறிப் பார்க்குது." அவரும் சிரித்துவிட்டார். அடுத்த காட்சியில் நின்று கேட்டேன். ஆயாவின் வசனத்தைத் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி வாய்ப்பாடமாகக் கற்கும் பழக்கம் கிண்டியில் பிறந்ததல்ல. அதற்கு முன்னால் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட். அதன் பின்னால் கார்ப்பரேஷனின் மிருகக்காட்சி சாலை. வெளியூர்க்காரர்களுக்கு அது உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். இரண்டுக்கும் ஒரே வேர்தான். 1855இல் மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பால்ஃபோர், உயிருள்ள புலிக்குட்டி இருந்தால் ஜனம் வருகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். அடுத்த வருஷமே 300க்கு மேல் சேர்ந்துவிட்டன. பிறகு 1860களில் அந்தக் கூட்டம் முழுக்க பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறி உயிர் காலேஜ் ஆனது. உயிர் காலேஜுக்குப் போகும் வழியிலேயே மோடி மஸ்தான் வட்டம் போட்டிருப்பான். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாக ஒரு மணி நேரம் சொல்லுவான். கீரி முளையில் கட்டிக் கிடக்கும். நடுவில் நழுவினால் ரத்தம் கக்கிச் சாவாய் என்பான். தாயத்து விற்றுத் தீர்ந்ததும் சண்டையும் தீர்ந்துவிடும். அந்தச் சண்டையைப் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

உள்ளே போனால் நம் ஜனம் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குரங்குக்குப் பற்றவைத்த பீடி. தூங்கும் சிங்கத்தின் மேல் கல். காசு கொடுத்தது அது தூங்குவதைப் பார்க்கவா என்பது அவர்கள் நியாயம். பாம்புப் பண்ணை முதலைக்கும் இதே கதிதான். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலை உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது என்று அந்தக் காக்கிச் சட்டைக்காரர் தொண்டை கிழியச் சொல்லுவார். "பொம்மைடா" என்று ஒருவன் முதுகில் சில்லறையை விட்டெறிவான்.

1985 மே 30 மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலை 24 வண்டலூர்ப் பூங்கா திறந்தது. இரண்டு மாதத்துக்குள் எங்கள் பள்ளிக்கூடங்கள் இரண்டும் சென்ட்ரலை விட்டுப் போய்விட்டன. சிங்கத்துக்கு அது நல்லது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. இன்று 600 ஹெக்டேர் காடு அதைச் சுற்றி இருக்கிறது. எங்கள் கல் எட்டாத தூரத்தில் அது நிம்மதியாகத் தூங்கட்டும். வீசியெறியும் புத்தி மட்டும் எங்கும் போகவில்லை. கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் செத்த மான்களின் வயிற்றிலிருந்து கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் எடுத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் பூங்காவை 2025 தொடக்கத்தில் புதுப்பித்துத் திறந்தார்கள். போய்விட்டு, பழக்க தோஷத்தில் பாம்புப் பண்ணைக்குள்ளும் நுழைந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் பலகைகள். எல்லாம் சரியான தகவல், ஒரு வரி பிசகில்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. போனை உயர்த்துகிறார்கள், எடுக்கிறார்கள், அடுத்த கண்ணாடி. கொம்பேறி மூக்கன் முன்னால் ஒரு சிறுமி பலகையைப் படித்துவிட்டு, "விஷம் இல்லாததுப்பா" என்று அப்பாவின் கையை இழுத்தாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாப்பா, இது ஏன் மரத்துல ஏறும் தெரியுமா?" என்றேன். நின்றுவிட்டாள். சுடுகாட்டையும் புகையையும் சொன்னேன். பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் நின்றார்கள். "எங்க ஊர்ல வேற மாதிரி சொல்வாங்க சார்" என்று ஒரு அம்மாள் ஆரம்பித்தார். ஆயாவின் வசனத்துக்கு வருவதற்குள் செக்யூரிட்டி விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"கூட்டம் சேர்க்காதீங்க சார். நகருங்க, நகருங்க."

"அங்கிள், செத்துட்டாங்கன்னு அதுக்கு யார் சொல்வாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள் அந்தப் பெண்.