வண்டி தயங்குவது ஏன்?

பிறந்த மண்ணை விட்டு வந்து தொழில் செய்யும் குடும்பங்களில் வண்டியும் உழைக்கும் ஓர் ஆளே ஆகும். அந்த ஆள் நோயுற்றால் அடுப்பு முதல் பள்ளிக் கட்டணம் வரை யாவும் ஆட்டங்காணும். எங்கள் பிக்கப் வண்டிக்கு வந்த கோளாற்றையும், அதன் காரணத்தைக் கண்டறிந்த வகையையும் நம் அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

18ஆம் நூற்றாண்டில் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவில் நம்மவர் பலர் தலைமுறைகளாக வணிகம் செய்து வருகின்றனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் களியக்காவிளையை ஒட்டி மாநில எல்லை அமைந்த பின்னரும், தோவாளைப் பூ திருவனந்தபுரத்துக்கு வருவது நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தின் பிழைப்பும் அதுவே. போக வர ஏறக்குறைய 160 கிலோமீட்டர். விடியுமுன் கடை சேராத பூவுக்கு விலை கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் வண்டி தயங்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் சும்மா நிற்கும். பிறகு கரும்புகை கக்கி மெல்ல ஏறும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடியது 10 ஆகக் குறைந்தது. ஒரு நடைக்கு நாலரை லிட்டர் டீசல் கூடுதல். மாதம் 25 நடைக்கு 110 லிட்டருக்கு மேல் வீண். வங்கித் தவணையே அதில் கரைந்தது. ஒரு பட்டறையில், இன்ஜெக்டர் நான்கையும் மாற்றுக என்றனர். அத்தொகைக்கு வழியில்லாமையால் வண்டியை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

அந்நிலையில் மார்த்தாண்டத்து முதிய மெக்கானிக் ஒருவரை அணுகினோம். "அண்ணாச்சி, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்கலாமா? செலவில்லாத சோதனையை முதலில் செய்வோம்" என்றார் அவர். அவர் காட்டிய முறை இது.

முதலில், ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தையும் மறுபடி நிரப்பிய டீசலையும் மூன்று நடைக்குக் குறித்தோம். ஊகம் கணக்காயிற்று. அடுத்து டயர்க் காற்றைப் பார்த்து, ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைக் கையால் சுழற்றினோம். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் டீசல் வீணாகும். எங்கள் வண்டியில் அக்குறை இல்லை. ஏர் ஃபில்டர் தூய்மையாக இருந்தது. டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தண்ணீர் இல்லை என்றும் தெளிந்தோம்.

பின்னர் அவர் புகையின் நிறத்தைக் கேட்டார். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே புகுகிறது. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. எங்களுடையதோ கரும்புகை. ஆதலால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். கிளாம்பின் அடிப்புறத்தில் விரல் நீள வெடிப்பு. அதைச் சுற்றி ஆயில் கசிவு! பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதே காற்றழுத்தத்தால் அவ்வெடிப்பு விரியும். பட்டறையில் நிற்கும்போது மூடிக்கொள்ளும். காற்று வழியிலேயே வெளியேற, டீசல் அரைகுறையாய் எரிந்தது. தயக்கம், கரும்புகை, மைலேஜ் குறைவு ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

புதுக் குழாய் மாட்டிய பின் மறுபடியும் மூன்று நடை கணக்கெடுத்தோம். 14ஐ ஒட்டி வந்தது. விற்கும் பேச்சும் அடங்கியது.

இன்ஜெக்டர் ஒருபோதும் கெடாது என்று நாங்கள் கூறவில்லை. குழாய் நன்றாயிருந்திருப்பின், அடுத்தது கணினிச் சோதனையும், ஒவ்வோர் இன்ஜெக்டரும் திருப்பி விடும் டீசலை அளப்பதுமே என்று அம்முதியவர் கூறினார். அச்சோதனைகளுக்குப் பிறகே விலையுயர்ந்த பொருளைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இல்லையேல் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது.

அன்பர்களே! வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். டீசல், தூரம், பாரம் மூன்றையும் நாள்தோறும் எழுதுங்கள். "புல்லிங் இல்லை" என்று மட்டும் கூறாமல், எந்த மேட்டில், எத்தனை பாரத்தில், எந்நிறப் புகையுடன் தயங்குகிறது என்று பட்டறையில் தெளிவாய்ச் சொல்லுங்கள். அயலூரில் பொருளீட்டுவது அரிது; ஈட்டியதைக் காக்க ஒரு பென்சிலும் சற்றுப் பொறுமையும் பெரிதும் உதவும்.